மூன்றரை மாதப் பூனைக்குட்டி வீட்டைத் தலைகீழாக்குகிறது: எப்படிச் சமாளிப்பது?

தேயிலைச்சரிவு (குன்னூர்)

வணக்கம். எங்கள் வீட்டில் இப்போது ஒரு பெண் பூனைக்குட்டி வளர்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் விறகுக் கொட்டகையில் பிறந்து, தாயைப் பிரிந்து தனியே கத்திக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டார் எடுத்து வந்து எங்களிடம் ஒப்படைத்தார்கள். கால்நடை மருத்துவர் பற்களைப் பார்த்துவிட்டு, வயது மூன்றரை மாதம் இருக்கலாம் என்றார். குடற்புழு நீக்க மருந்து கொடுத்தாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறது, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டுக்குத்தான்.

நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய மலை வீட்டின் பாதிப் பகுதி. மரத்தளம், உயரமான சன்னல்கள், தரைவரை தொங்கும் கனத்த திரைச்சீலைகள், கூடத்தில் ஒரு கணப்பு. குளிர் தொடங்கிவிட்டதால் கதவு சன்னல்களைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருக்கிறோம். ஆகவே குட்டியின் உலகம் முழுவதும் இந்த மூன்று அறைகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது. திரைச்சீலையில் ஏறி உச்சிக்குப் போய், இறங்கத் தெரியாமல் கத்துகிறது. சுவரில் மாட்டியிருந்த தோடர் பூவேலைச் சால்வையில் தொங்கி, சிவப்பு நூல்களை இழுத்துவிட்டது. சோபாவின் கைப்பிடியைப் பிறாண்டுகிறது. மணல் தட்டு இருக்கும்போதே சில நாள் பூந்தொட்டி மண்ணைத் தோண்டி அங்கே போய்விடுகிறது. என் மாமியார் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தால் நூல்கண்டை உருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. மேசைமேல் இருக்கும் கோப்பையை ஒரு காலால் மெல்ல நகர்த்தி, அது விழும்வரை கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் கணவர் செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் தட்டி மிரட்டிப் பார்த்தார். குட்டி அதையும் தனக்காக ஏற்பாடு செய்த விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு தாளின்மேல் பாய்கிறது. அதன் உற்சாகத்தைக் கெடுக்காமல் வீட்டையும் காப்பாற்ற என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய ஊட்டிக்காரர்

அம்மா, இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. எங்கள் காலத்தில் பூனையைப் பகலில் வெளியே விட்டுவிடுவோம். அது கொட்டகையில் எலி பிடிக்கும், வேலி ஓரம் வெயில் காயும், சாயங்காலம் களைத்துப் போய் வந்து சுருண்டு படுக்கும். வீட்டுக்குள் அடைத்து வைத்தால் திரைச்சீலையில்தான் ஏறும். அது ஏறக்கூடாத இடங்களில் பஞ்சில் கொஞ்சம் நீலகிரித் தைலம் தொட்டு வையுங்கள். அந்த வாசனைக்குப் பூனை கிட்டே வராது. இங்கே தைலத்துக்கா பஞ்சம்?

---

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (கோத்தகிரி)

தைலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே நடந்துவிடக்கூடிய விபத்து. நீலகிரித் தைலத்தின் வாசனையைப் பூனை வெறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தைலம் பூனைக்கு நஞ்சு என்பதும் உண்மை. நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் சில வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் ஒரு நொதி பூனைக்கு மிகக் குறைவு. தைலம் பாதத்திலோ மயிரிலோ பட்டால் பூனை அதை நக்கித்தான் துடைக்கும். நக்கினால் உள்ளே போகும். உள்ளே போனது எளிதில் வெளியேறாது. வாயில் நுரை தள்ளுவது, தள்ளாடுவது, சோர்ந்து விழுவது எல்லாம் அதனால் வரும். சளிக்கு வெந்நீரில் தைலம் விட்டு ஆவி பிடிக்கும்போதுகூடக் குட்டியை வேறு அறையில் வையுங்கள். இதே காரணத்தால்தான் மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொல்லும். கீழே விழுந்த மாத்திரையை உருட்டி விளையாடும் குட்டிகள் உண்டு. மாத்திரை அட்டைகளைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

நீங்கள் எழுதியவற்றுள் எனக்குக் கவலை தருவது உடையும் கோப்பையோ கிழியும் திரைச்சீலையோ அல்ல, உங்கள் மாமியாரின் நூல்கண்டுதான். பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. ஒரு நூல் அதில் மாட்டிக்கொண்டால் துப்புவதற்கு வழியில்லை, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டோ இரைப்பையின் வாயிலில் சிக்கிக்கொண்டோ நின்றுவிட, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதைத் தள்ளத் தள்ள, நாடா கோத்த பாவாடை சுருங்குவதுபோல் குடல் நூலின்மேல் சுருங்கிக்கொள்ளும். பிறகு நூலே குடற்சுவரை அறுக்கும். இப்படி வந்த குட்டிகளுக்கு அறுவை செய்திருக்கிறேன், எல்லாம் பிழைக்கவில்லை. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் தயவுசெய்து இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே அறுபடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். குட்டி அடிக்கடி வாந்தி எடுத்து, சாப்பிடாமல் முடங்கிக் கிடந்தாலும் நூலை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா பின்னி முடித்ததும் நூலும் ஊசியும் மூடியுள்ள கூடைக்குள் போக வேண்டும். சால்வையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், ஆனால் அந்துருண்டை போடாதீர்கள். குளிர்காலத்தில் கம்பளித் துணிகளை வெளியே எடுக்கும்போது ஓர் உருண்டை தரையில் உருண்டால் போதும், குட்டி அதை வாயில் வைத்துப் பார்க்கும். இரத்தச் சிவப்பணுக்களையும் கல்லீரலையும் அது கெடுக்கும்.

இன்னொன்று குளிர் சம்பந்தப்பட்டது. குட்டி சூடான இடத்தைத் தேடிப் போகும். கணப்பின் முன் கம்பி வலைத் தட்டி இல்லாமல் நெருப்பு மூட்டாதீர்கள். கம்பி சிவந்து எரியும் ஹீட்டர்மேல் வால் பட்டு மயிர் கருகிய குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். அதிகாலையில் வண்டியை எடுக்கும்முன் முன்மூடியைத் தட்டுங்கள். இரும்புச் சட்டியில் கரி போட்டு மூடிய அறைக்குள் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்தப் புகை பூனையை மட்டும் பார்த்து வருவதில்லை.

இப்போது குறும்புக்கு வருகிறேன். நீங்கள் குறும்பு என்று சொல்வது ஏறத்தாழ முழுவதும் வேட்டைப் பயிற்சி. பதுங்குதல், துரத்துதல், பாய்தல், பிடித்து உதைத்தல் என்ற வரிசை இந்த வயதில் உடம்பில் ஊறிக்கொண்டிருக்கிறது. கோப்பையைத் தள்ளுவதும் அதில் ஒரு பகுதிதான்: அசையாத பொருளைத் தொட்டு, அசைகிறதா, ஓடுகிறதா என்று சோதிக்கிறது. கோப்பை விழுந்து நீங்கள் ஓடிவந்தால் சோதனைக்கு நல்ல பலன் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் மிரட்டுவதால் பயனில்லை. உங்கள் கணவர் தாளைத் தட்டுவது வெறும் விளையாட்டாக முடிந்தது நல்லதே. உண்மையாகவே பயப்படும் குட்டியாக இருந்திருந்தால் மேசையை அல்ல, உங்கள் கணவரைத்தான் தவிர்க்கக் கற்றிருக்கும். தண்ணீர் தெளிப்பதும் அப்படியே. நீங்கள் அறையில் இல்லாத நேரம் பார்த்து ஏறும்.

வேட்டையைத் தடுக்க முடியாது, ஆனால் அதற்கு வேளையும் பொருளும் நீங்கள் கொடுக்கலாம். நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், மூங்கில் குச்சியின் நுனியில் துணிக் கீற்று கட்டித் தரையில் எலிபோல் ஓட்டுங்கள். முகத்துக்கு எதிரே ஆட்டாதீர்கள். இரை வேட்டைக்காரனை நோக்கி வராது, விலகித்தான் ஓடும். நாற்காலிக் காலுக்குப் பின்னே மறையட்டும், நிற்கட்டும், மீண்டும் ஓடட்டும். முடிவில் குட்டி அதைப் பிடிக்க வேண்டும், உடனே உணவு வைக்க வேண்டும். பிடித்த பின் தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது அதன் இயல்பு. சுவரில் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டி ஓடவிடும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதில் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. விளையாட்டு முடிந்ததும் குச்சியையும் துணியையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

---

பண்ணைக்காட்டு ஆசிரியை

சகோதரி, மருத்துவர் ஐயா ஆபத்துகளைச் சொல்லிவிட்டதால் நான் பொருள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழனி மலையில் எங்கள் வீடும் உங்கள் வீட்டைப் போன்ற மரத்தள வீடுதான். பூனைகளும் பல தலைமுறை.

பிறாண்டுவதைப் பூனை விட முடியாது. நகத்தின் பழைய மேல்தோலைக் கழற்றவும், உடம்பை நீட்டி முறுக்கெடுக்கவும், பாத விரல்களுக்கிடையே உள்ள சுரப்பியின் வாசனையைப் பதிக்கவும் அது பிறாண்டுகிறது. எனவே சோபாவைவிடப் பிறாண்டுவதற்கு ஏற்ற ஒன்றை, சோபாவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மூலையில் ஒளித்து வைத்தால் பயன்படாது. மரக்கடையில் ஒரு சவுக்குக் கட்டை வாங்கி, கனமான பலகையில் ஆணியடித்து நிறுத்தி, தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். வளர்ந்த பூனை பின்னங்காலில் நின்று முழுவதும் நீட்டும் அளவு உயரம் இருக்க வேண்டும், சாய்ந்தாலும் ஆடக்கூடாது. ஒருமுறை ஆடிவிட்டால் குட்டி மீண்டும் சோபாவுக்கே போய்விடும். கயிற்றின் முனை பிரிந்து தொங்காமல் ஆணியால் அறைந்துவிடுங்கள். சில குட்டிகளுக்கு நின்றபடி பிறாண்டுவதைவிடத் தரையில் படுத்தபடி பிறாண்டுவது பிடிக்கும்; அதற்கு ஒரு பழைய சாக்கைப் பலகைமேல் விரித்து அறைந்தால் போதும். குட்டி தூங்கி எழும் இடத்தருகே இன்னொன்று வைக்க முடிந்தால் நல்லது, ஏனென்றால் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலையே அதுதான். கம்பத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மீன் துண்டு கொடுங்கள். குட்டியின் பாதத்தைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டுவது மட்டும் வேண்டாம். தன் பாதத்தைப் பிறர் பிடிப்பது அதற்குப் பிடிக்காது, கம்பத்தையும் சேர்த்து வெறுத்துவிடும்.

பூந்தொட்டிக்கு நம் மலையிலேயே மருந்து இருக்கிறது. பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கி வந்து தொட்டி மண்ணை மூடும்படி நெருக்கமாக அடுக்கிவிடுங்கள். பாதத்துக்குக் குத்தும், தோண்ட இடமும் இருக்காது, செடிக்கு நீர் ஊற்றுவதற்கும் தடையில்லை. அதோடு மணல் தட்டையும் கவனியுங்கள். தட்டு இருந்தும் தொட்டிக்குப் போகிறது என்றால் தட்டில் ஏதோ பிடிக்கவில்லை. மழை மாதங்களில் இங்கே மணல் காய்வதே இல்லை. ஈர மணலில் குட்டி கால் வைக்கத் தயங்கும். தச்சுப் பட்டறையிலிருந்து காய்ந்த மரத்தூள் வாங்கி மாற்றிப் பாருங்கள். தட்டை உணவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு தட்டுக்கு இரண்டாக வையுங்கள், தினமும் அள்ளுங்கள்.

திரைச்சீலைகளைக் குட்டி வளரும்வரை சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். குளிர் வரும் என்பீர்கள். இரவில் மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஏறுவதற்கு வேறு இடம் கொடுக்காமல் ஏறாதே என்றால் நடக்காது. காலை வெயில் விழும் சன்னலுக்குக் கீழே, படிபோல் மாறிமாறி இரண்டு மூன்று பலகைகளைச் சுவரில் பொருத்துங்கள். வெயில், உயரம், வெளியே பார்க்கக் கொஞ்சம் குருவிகள்: இந்த மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் எந்தப் பூனையும் மேசையைத் தேடாது. வாடகை வீடு என்பதால் ஆணி அடிக்க முடியாது என்றால் பழைய புத்தக அலமாரி ஒன்றைச் சன்னலோரம் நகர்த்தினாலும் போதும். கோப்பையை மேசைமேல் விடாதீர்கள். பூனை இருக்கும் வீட்டில் மேசை காலியாகத்தான் இருக்கும். அதை நான் சிக்கலாகவே கருதுவதில்லை.

---

தேயிலைச்சரிவு (குன்னூர்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. நூல்கண்டைப் பற்றிப் படித்ததும் மாமியார் தாமே எழுந்து போய் மூடியுள்ள பிரம்புக் கூடையை எடுத்து வந்துவிட்டார். பைன் காய்க்கும் ஆள் அனுப்பியாயிற்று.

இன்னும் இரண்டு தொல்லைகள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கதவைப் பிறாண்டிக் கத்துகிறது. எழுந்துபோய் உணவு வைத்தால்தான் அடங்குகிறது. பிள்ளைகளின் கால்களைப் போர்வைக்குள்ளிருந்து கண்டுபிடித்துக் கடிக்கிறது. விளையாட்டுக் கடிதான், ஆனாலும் சிறியவன் அழுகிறான்.

மருத்துவர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் கணவர் கொய்மலர் வளர்க்கும் பசுமைக்குடிலில் வேலை செய்கிறார். அங்கே தரம் பிரித்தபின் ஒதுக்கும் கார்னேஷன், ஜெர்பரா, லிலியம் (லில்லி) பூக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாடியில் வைப்போம். குட்டி இலைகளைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஏதேனும் கெடுதல் உண்டா?

---

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (கோத்தகிரி)

உண்டு. லிலியம் வீட்டுக்குள் வரவே கூடாது. இதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, தடையாகச் சொல்கிறேன். அதன் இதழ், இலை, தண்டு, மகரந்தம், சாடியில் இருக்கும் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். பூவைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை; மகரந்தம் மயிரில் உதிர்ந்து, அதை நக்கினாலே போதும். முதல் சில மணி நேரத்தில் வாந்தியும் எச்சில் ஒழுகுவதும் இருக்கும். பிறகு சற்றுத் தெளிந்ததுபோல் தோன்றும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். குட்டி லிலியத்தைக் கடித்தது என்று சந்தேகம் வந்த கணமே, அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மருத்துவரிடம் ஓட வேண்டும். சீக்கிரம் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்த்தபோது கடித்தது எந்தப் பூவின் இலை என்று நினைவிருக்கிறதா? லிலியமாக இருக்கலாம் என்றால் பதில் எழுதிக்கொண்டு உட்காராமல் உடனே புறப்படுங்கள்.

கணவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக் கை கழுவட்டும். மகரந்தம் கம்பளியில் ஒட்டிக்கொண்டு வரும். ஜெர்பராவால் தீங்கு இல்லை. கார்னேஷனைத் தின்றால் இலேசாக வயிறு கலங்கும், அவ்வளவுதான். ரோஜா வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்கரையிலும் சதுப்பிலும் தானாகப் படர்ந்து கிடக்கும் வெள்ளை ஆரம் லில்லியைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். பெயரில்தான் லில்லி, அது வேறு குடும்பம். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து, எச்சில் கொட்டும், ஆனால் சிறுநீரகத்தைத் தாக்காது. அதையும் வீட்டுக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது.

---

தேயிலைச்சரிவு (குன்னூர்)

ஐயா, அது கடித்தது ஜெர்பரா இலையைத்தான். அப்போது வீட்டில் லிலியம் இல்லை என்று கணவர் உறுதியாகச் சொல்கிறார். ஆயினும் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் சாடியிலிருந்த எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விட்டோம். இனி ரோஜா மட்டும்தான்.

---

பண்ணைக்காட்டு ஆசிரியை

நிம்மதியாக இருக்கிறது. அதிகாலைக் கச்சேரிக்கும் கடிக்கும் நான் பதில் சொல்கிறேன்.

பூனை விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. நான்கு மணி அதற்கு நள்ளிரவு அல்ல. ஆனால் நீங்கள் எழுந்துபோய் உணவு வைப்பதால், கதவைப் பிறாண்டினால் உணவு வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டது. பகல் தூக்கத்தைச் சற்றுக் குறைத்து, நீங்கள் படுக்கப்போவதற்கு முன் கடைசி வேட்டை விளையாட்டை நன்றாக ஆடவிட்டு, அன்றைய உணவில் பெரிய பங்கை அப்போது கொடுங்கள். நான்கு மணிக்கு எழாதீர்கள், பேசாதீர்கள், அதட்டவும் அதட்டாதீர்கள். முதல் சில நாள் கத்தல் கூடும். அப்போது தாங்க முடியாமல் ஒரு நாள் எழுந்துவிட்டீர்கள் என்றால், எவ்வளவு நேரம் கத்தினால் உணவு வரும் என்று அதற்குக் கணக்குத் தெரிந்துவிடும், பிறகு அதுவரை கத்தும். வீட்டில் ஒருவர் உறுதியாக இருந்து இன்னொருவர் இரக்கப்பட்டாலும் இதே கதைதான். உங்கள் வீட்டில் இரக்கப்படுபவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலை உணவை நீங்கள் எழுந்த உடனே வைக்காமல், முகம் கழுவி, தேநீர் போட்டு, பிறகு வையுங்கள். உங்கள் கால் தரையில் பட்டால் உணவு என்ற தொடர்பு அறுந்துவிடும்.

கடிப்பதற்கு ஒரு காரணம், குட்டி தாயையும் உடன்பிறப்புகளையும் முன்னதாகவே பிரிந்தது. கூடப்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டிகள் அப்படித்தான் கற்கின்றன. அந்தப் பாடத்தை இப்போது உங்கள் பிள்ளைகள் நடத்த வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணம் பல். மூன்றரை மாதத்திலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம்வரை பால்பற்கள் 26-உம் விழுந்து நிலைப்பற்கள் 30 முளைக்கும். ஈறு ஊறும்போது எதையாவது மெல்லத் தோன்றும். ஈரத்துணியைச் சுருட்டிக் குளிரவைத்துக் கொடுக்கலாம். உங்கள் ஊர்க் குளிருக்குக் குளிர்பெட்டிகூடத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு ஒரே விதி: கையும் காலும் விளையாட்டுப் பொருள் அல்ல. போர்வைக்குள் விரலை ஆட்டிச் சீண்டுவது இன்று வேடிக்கை. முழு நகமும் பல்லும் வளர்ந்தபின் அதே வேடிக்கை இரத்தம் வரவழைக்கும். கடித்தால் காலை இழுக்கக்கூடாது, இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் இறுக்கும். அசையாமல் நின்று, அது விட்டதும், எதுவும் பேசாமல் அறையைவிட்டுப் போய்விட வேண்டும். சிறிது நேரம் கழித்து வந்து துணிக்குச்சியைக் கொடுக்கலாம். சிறியவன் அடிக்கக்கூடாது, ஓடக்கூடாது; இரண்டையும் குட்டி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். அவன் உயரத்துக்கு நீளமான ஒரு குச்சியை அவனுக்கென்று செய்து கொடுங்கள்.

---

பழைய ஊட்டிக்காரர்

தைலத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். வேதியியல் அவருக்குத் தெரியும். ஆனால் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துத் துணிக்குச்சி ஆட்டுவதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு சகுனம் பார்க்கலாமா என்பார்கள். பூனை வேண்டும், அதன் குணம் வேண்டாம் என்றால் எப்படி? வெளியே போனால் இந்தத் தொல்லை ஒன்றுமே இருக்காது.

---

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (கோத்தகிரி)

நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வெளியே திரியும் பூனை வீட்டுக்குள் குறும்பு செய்யாது. வீட்டுக்குத் திரும்பாமலும் போகும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைப் புதர்களுக்குள் சிறுத்தை படுத்திருப்பது புதிதல்ல. இரவில் வீட்டு வாசல்வரை வந்து நாயையும் பூனையையும் தூக்கிப் போவதை இங்குள்ளவர்கள் கேமராவில் பார்க்கிறார்கள். மூன்றரை மாதக் குட்டிக்குத் தெருநாயும் பருந்துமே போதும். மறுபக்கமும் இருக்கிறது. நீலகிரிச் சிரிப்பானைப்போல் இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் நம் தோட்டத்து வேலியில் தாழப் பறந்து இரை தேடுகின்றன. பசியில்லாத பூனையும் அவற்றைப் பிடிக்கும்.

வெளிக்காற்று வேண்டுமென்றால், வராந்தாவின் ஒரு பகுதியைக் குரங்குக்கு அடிக்கும் அதே கம்பி வலையால் மேற்கூரைவரை அடைத்து, உள்ளே ஒரு கட்டையும் மேடையும் வைத்துக்கொடுக்கலாம். பகலில் அங்கே, இருட்டும் முன் உள்ளே. நண்பரின் வெயிலும் கிடைக்கும், என் சிறுத்தைக்கும் வழியில்லை.

தாய் யார், எங்கே திரிந்தது என்று தெரியாத குட்டி என்பதால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நாய்க்கடி நோய் (ரேபிஸ்) பூனையாலும் வரும். பிள்ளைகளின் தோலில் பல் பதிந்தாலோ நகம் கீறினாலோ, சிறிய கீறல்தானே என்று மஞ்சள் வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஊரில் இந்த நோய்க்குச் சிகிச்சை தரப் பாஸ்டர் நிலையம் தொடங்கிய ஆண்டு 1907. இத்தனை காலம் ஆனபின்னும் கீறலைக் கழுவாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டிக்கு இந்த நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாத வயதிலிருந்து போடலாம், அதாவது உங்கள் குட்டிக்கு நாள் வந்துவிட்டது. மற்ற தொற்றுகளுக்கான தடுப்பூசி அட்டவணையையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நக நுனியை மட்டும் வெட்ட ஊசி போடும் மருத்துவரிடமே கற்றுக்கொள்ளலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியைத் தொடக்கூடாது. நகத்தை அடியோடு நீக்கிவிடலாமா என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது விரலின் கடைசி எலும்பை வெட்டுவது.

---

தேயிலைச்சரிவு (குன்னூர்)

ஐயா, தடுப்பூசிக்கு இந்த வாரமே போகிறோம். கருத்தடை அறுவையை எப்போது செய்வது நல்லது? ஒருமுறை குட்டி போட்டபின் செய்தால்தான் பூனை அடங்கும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (கோத்தகிரி)

ஒருமுறை குட்டி போட வேண்டும் என்பதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பகலொளி ஆண்டு முழுவதும் அதிகம் மாறாத நம் பகுதியில் அதற்குப் பருவகாலம் என்று ஓய்வும் கிடையாது. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள், எடையைப் பார்த்து உங்கள் மருத்துவர் நாள் குறிப்பார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அறுவையால் இரவெல்லாம் கதறுவதும் வெளியே ஓடத் துடிப்பதும் நிற்கும், ஆனால் கோப்பையைத் தள்ளுவது நிற்காது. அதற்கு வயதும் உங்கள் துணிக்குச்சியும்தான்.

இங்கே குளிர் என்பதால் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். மயக்க மருந்து கொடுத்த குட்டியின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கும். கூடைக்குள் கம்பளி விரித்து, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்து, குட்டி விரும்பினால் விலகிப் படுக்க இடம்விட்டு எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். தையல் ஆறும்வரை சன்னலோரப் பலகைகளைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். எனவே ஆசிரியை அம்மா சொன்னபடி பலகைகளைப் பொருத்தும்போது திருகாணியாகவே போடச் சொல்லுங்கள்.